யாளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிலுக்குப் போகிற எல்லோரும் யாளியைப் பார்த்திருப்பார்கள். மண்டபத் தூணில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும். படிக்கட்டின் ஓரத்தில் துதிக்கையைச் சுருட்டி வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்: அது என்ன தின்னும், எங்கே இருக்கும், நம்மைக் கடிக்குமா? "அதெல்லாம் சும்மா சிலைப்பா" என்று சொல்லிப் பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் இந்த மூன்றுக்குமே சங்கப் பாடல்களில் நேரான பதில் இருக்கிறது. அந்தப் பதில்களில் தொடங்கி, சிற்பம், உயிரியல், வீணை வரை மக்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யாளி என்பது என்ன?

சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்ட ஒரு கற்பனை விலங்கு. கண் பிதுங்கியிருக்கும், வாயில் கோரைப்பல், தலையில் சில சமயம் கொம்பு, பிடரி சுருள் சுருளாக இருக்கும். பழைய பாடல்களில் ஆளி என்றும் யாளி என்றும் இரண்டு விதமாகவும் வருகிறது. வடமொழிச் சிற்ப நூல்கள் வியாளம் என்கின்றன.

எங்கே வாழ்கிறது?

மலையில். அதுவும் மூங்கில் அடர்ந்த, மேகம் தவழ்கிற மலைச்சரிவில். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் "மழை விளையாடும் கழைவளர் அடுக்கத்து அணங்குடை யாளி" என்கிறார். மழை என்றால் இங்கே மேகம், கழை என்றால் மூங்கில். அகநானூற்றின் 252ஆம் பாட்டில் நக்கண்ணையார் அதே விலங்கைக் குளிர்ந்து மணக்கும் சோலைகள் கொண்ட பெரிய மலைச்சரிவில் வைக்கிறார். நற்றிணை 205இல் அருவி ஒலிக்கும் பெருவரையின் அகன்ற காட்டில் வருகிறது.

இந்த மூன்று இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். மூங்கில், தண்ணீர், நிழல். மேற்குத் தொடர்ச்சி மலையில் யானைக் கூட்டம் திரிகிற இடத்தின் அடையாளங்கள் இவை. புலவர்கள் யாளியை ஏதோ கண்காணாத தீவிலோ ஏழுகடல் தாண்டியோ வைக்கவில்லை. இரை இருக்கிற காட்டில் வைத்தார்கள். கற்பனை விலங்குக்கு இத்தனை சரியான வாழிடம் கொடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

என்ன தின்னும்?

யானை. ஆனால் யானையில் எந்தப் பாகம் என்று பாடல் சொல்லும்போதுதான் வியப்பு வருகிறது.

அகநானூறு 381ஆம் பாட்டு, மதுரை இளங்கௌசிகனார் பாடியது:

ஆளி நன்மான் அணங்குடை ஒருத்தல்
மீளி வேழத்து நெடுந்தகை புலம்ப
ஏந்தல் வெண்கோடு வாங்கி, குருகு அருந்தும்

ஒருத்தல் என்றால் ஆண் விலங்கு. அச்சம் தரும் ஆண் யாளி, வலிமையான பெரிய யானை கதறக் கதற, அதன் நிமிர்ந்த வெள்ளைக் கொம்பைப் பறித்து, உள்ளே இருக்கும் குருத்தைத் தின்கிறது. இந்த இடத்தில் குருகு என்பதற்கு உரைகாரர்கள் கொடுக்கும் பொருள் அதுதான், கொம்புக்குள் இருக்கும் குருத்து. நக்கண்ணையாரின் பாட்டிலும் யாளி யானையின் புள்ளி முகத்தில் அறைந்து வெண்கோட்டைப் புய்க்கிறது. புய்த்தல் என்றால் வேரோடு பிடுங்குதல்.

ஆக, தொடையையோ வயிற்றையோ கடித்துக் குதறிப் போடும் விலங்காக யாளியை இவர்கள் காட்டவில்லை. பனங்குருத்தை எடுக்கிற மாதிரி, கொம்பைப் பிடுங்கி உள்ளிருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

யானைக் கொம்புக்குள் தின்ன என்ன இருக்கிறது? அது முழுக்கத் தந்தம்தானே?

இல்லை. யானையின் தந்தம் உண்மையில் ஒரு பல். மேல் தாடையின் வெட்டுப்பல்தான் நீண்டு வெளியே வருகிறது. வெளியில் தெரிவது போக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. புதைந்த பகுதியிலிருந்து நுனியை நோக்கி ஒரு கூம்பு வடிவக் குழி போகும். அதற்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான திசு இருக்கிறது. நம் பல்லுக்குள் இருக்கிற அதே கூழ்தான், அளவு மட்டும் பெரியது. அதனால்தான் தந்தம் உள்வரை முறிந்துபோன யானைக்கு வலியும் சீழும் வருகின்றன.

இப்போது பாட்டைத் திரும்பப் படியுங்கள். "நெடுந்தகை புலம்ப" என்று சொல்லிவிட்டு உடனே கொம்பு பிடுங்கியதைச் சொல்கிறார். வெளியில் பார்த்தால் தந்தம் வெறும் வெள்ளைக் கட்டை. அதன் அடியில் உயிர் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் யானை கதறும், உள்ளே மென்மையாக ஒன்று இருக்கும் என்பதெல்லாம் செத்த யானையின் கொம்பை எடுத்துப் பார்த்த காட்டு மக்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடமிருந்து அது பாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விலங்கு கற்பனை, ஆனால் அது தின்கிற உணவு உண்மை.

எப்படி வேட்டையாடும்? கூட்டமாகவா, தனியாகவா?

தனியாக. கூட்டமாக இருப்பது யானைகள்தான். அகநானூறு 78இல் நக்கீரர் காட்டும் காட்சி இது: மதம் பிடித்து, வாய்வரை மதநீர் வழிந்து, வண்டு மொய்க்கும் ஆண் யானை. அப்பேர்ப்பட்டதே யாளிக்குப் பயந்து தன் கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது.

யாளி தாக்கிய பிறகு என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாணாற்றுப்படை ஓசையாகவே கேட்க வைக்கிறது. கரும்பு ஆலையில் எந்திரம் ஓயாமல் அலறுகிறதாம். அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்றால், யாளி பாய்ந்ததும் யானைக் கூட்டம் மொத்தமும் கலங்கிக் கதறியது போல இருக்கிறதாம். கரும்பை உள்ளே கொடுத்ததும் மர உருளைகள் கிறீச்சிட்டுப் பிளிறும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இந்த உவமையின் அருமை தெரியும். யாளியை யாரும் கேட்டதில்லை, ஆலையை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தெரிந்த சத்தத்தை வைத்துத் தெரியாத பயத்தைச் சொல்லிவிட்டார்.

நற்றிணை 205 இன்னும் ஒரு படி மேலே போகிறது. கூர்மையான வெண்கொம்பால் ஒரு புலியைக் குத்திக் கொன்ற யானை இருக்கிறது. அந்த யானையை யாளி கொன்று இழுத்துக்கொண்டு போகிறது. புலியை வென்றது யானை, யானையை வென்றது யாளி. ஒரே வாக்கியத்தில் காட்டின் வரிசை முழுவதும் வந்துவிடுகிறது.

குட்டி எப்படி இருக்கும்?

தாய்ப்பால் மறப்பதற்கு முன்பே யானையைக் கொல்லும். பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் கரிகால் சோழனின் இளமையைப் பற்றிச் சொல்லும்போது இந்த உவமை வருகிறது. யாளிக் குருளை, வலிமை மிகுந்த செருக்கில், "முலைக்கோள் விடாஅ மாத்திரை", அதாவது பால்குடி மாறுவதற்கு முன்பே, தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியது போல, கரிகாலன் சிறுவயதிலேயே வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் வென்றான் என்கிறார். அந்தக் குட்டியின் நிறம் என்ன, எத்தனை குட்டி போடும் என்று எந்த விவரமும் அங்கே இல்லை. வேகம் மட்டும் இருக்கிறது. உவமைக்கு அது போதும்.

மனிதரைத் தாக்குமா?

இரவில் மலைவழியே வருபவர்கள் பயப்பட வேண்டிய விலங்குகளில் ஒன்றாகக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அதைச் சேர்க்கிறார்: "அளைச்செறி உழுவையும் ஆளியும் உளியமும்". குகையில் பதுங்கும் புலி, யாளி, கரடி. இதைத் தொடர்ந்து காட்டுமாடும் யானையும் வருகின்றன. தலைவியைப் பார்க்க ராத்திரியில் மலையேறி வருகிற தலைவனை நினைத்து இங்கே ஒரு நெஞ்சு பதறுகிறது. யாளி ஒரு மனிதனைப் பிடித்துத் தின்றதாக ஒரு காட்சியையும் இந்தப் பாடல்களில் நான் பார்க்கவில்லை. அது யானை வேட்டைக்காரன், நாம் அதற்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

யாளியின் குணம் பற்றி ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா?

தலைவணங்காத குணம். புறநானூறு 207இல் வறுமையில் வாடும் பெருஞ்சித்திரனார், மதிக்காமல் கொடுக்கும் பரிசிலை வாங்காமல் புறப்படுகிறார். உலகம் பெரியது, நம்மை மதிப்பவர் பலர் உண்டு என்று நெஞ்சிடம் சொல்லும்போது "மீளி முன்பின் ஆளி போல, உள்ளம் உள் அவிந்து அடங்காது" என்ற வரி வருகிறது. யாளியை உவமையாக்கிய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அரசனுக்குக் கொடுத்த உவமையைப் பசித்த ஒரு புலவர் தனக்கே எடுத்துக்கொள்கிறார்.

இந்தப் பாடல்களில் யாளிக்குத் துதிக்கை இருக்கிறதா?

மேலே சொன்ன பாடல்கள் எதிலும் இல்லை. பலரும் கவனிக்காத விஷயம் இதுதான்.

திரும்ப ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். வலிமை சொல்லப்படுகிறது. பற்றிக்கொள்ளும் நகம் சொல்லப்படுகிறது ("கோள் உகிர்", நற்றிணை). ஆண் உண்டு, குட்டி உண்டு, பால்குடி உண்டு. ஆனால் முகம் எப்படி இருக்கும், உடம்பு என்ன நிறம், மூக்கு நீளமா குட்டையா என்று ஒரு சொல்லும் இல்லை. புலிக்கு வரி உண்டு, யானைக்குப் புள்ளி நெற்றி உண்டு, யாளிக்கு உருவமே தரப்படவில்லை. நாம் அதைப் பார்ப்பதில்லை. அது யானைக்குச் செய்ததை மட்டும்தான் பார்க்கிறோம்.

உருவம் கொடுத்தது சிற்பிகள். இரையாக இருந்த யானையின் துதிக்கையை எடுத்து வேட்டையாடியின் முகத்திலேயே ஒட்டவைத்துவிட்டார்கள். யானையை வென்ற விலங்கு எப்படி இருக்கும் என்று கல்லில் காட்ட வேண்டுமென்றால், யானையின் பலத்தையே அதற்குள் சேர்த்துவிடுவதைவிட நல்ல வழி ஏது? புலவர்கள் விட்ட இடத்தைச் சிற்பிகள் நிரப்பினார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் துதிக்கை எந்தக் காலத்தில் வந்தது?

ஒரே நாளில் வந்துவிடவில்லை. பல்லவர் காலத்தில் யாளி பெரும்பாலும் சிங்க முகத்தோடுதான் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று சொல்கிறார்களே, அங்கே மேடையைச் சுற்றி வளையமாக யாளித் தலைகள் வாய் பிளந்து நிற்கின்றன. ஊரார் புலி என்கிறார்கள், ஆனால் கண்ணையும் கொம்பையும் பார்த்தால் புலி இல்லை என்று தெரிந்துவிடும். அதே பாறையின் ஒரு பக்கத்தில் யானைத் தலைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. யாளியையும் யானையையும் ஒரே பாறையில் வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துத் தூண்களில் அது பின்னங்காலில் எழுந்து நிற்கிறது.

சோழர் காலத்தில் அது வரிசையாகிறது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் யாளிவரி ஓடுகிறது. முதுகில் வீரர்கள், கையில் வாளும் கேடயமும், மூலைகளில் முதலை முகமும் மீன் உடலும் கொண்ட மகரங்கள். தரையிலிருந்து அதிக உயரம் இல்லை, கிட்டே போய்ப் பார்க்கலாம்.

துதிக்கை நீண்டு, உருவம் ஆள் உயரத்தைத் தாண்டி, தூணையே விழுங்கிவிடுவது விஜயநகர, நாயக்கர் காலத்தில். ஹம்பி விட்டலர் கோவில், வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபம், மதுரை ஆயிரங்கால் மண்டபம், திருநெல்வேலிக்குக் கிழக்கே கிருஷ்ணாபுரம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இந்தத் தூண்களில் யாளியின் காலடியைக் கவனியுங்கள். பல இடங்களில் அங்கே ஒரு சின்ன யானை இருக்கும், சில இடங்களில் மகரம். ஆயிரம் ஆண்டு கழிந்தும், துதிக்கையையே வாங்கிக்கொண்ட பிறகும், பாட்டில் இருந்த பழைய பகை காலுக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

எத்தனை வகை?

முகத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சிங்க முகம் என்றால் சிம்ம யாளி, யானை முகம் என்றால் கஜ யாளி, மகர முகம் என்றால் மகர யாளி. குதிரை முகத்திலும் உண்டு. படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வாயிலிருந்து இறங்கிச் சுருண்டு முடிவதைச் சுருள் யாளி என்பார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடுவது அதில்தான்.

வாய்க்குள் உருளும் கல் பந்தை எப்படி உள்ளே போட்டார்கள்?

போடவில்லை. அது உள்ளேயே பிறந்தது. தூண், யாளி, பல், பந்து எல்லாம் ஒரே கல். வாயைக் குடையும்போது நடுவில் ஒரு கட்டியை விட்டுவிடுவார்கள். பல் இடுக்கு வழியாகச் சிற்றுளியை விட்டு அந்தக் கட்டியை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி உருட்டுவார்கள். கடைசியில் தாடையோடு ஒட்டியிருக்கும் காம்பு மெலிந்துகொண்டே வரும், அதையும் அறுத்துவிட்டால் பந்து தனியாகிவிடும். வாய் இடுக்கைவிடப் பந்து பெரியது, வெளியே எடுக்க முடியாது. ஓர் அடி பிசகி ஒரு பல் உடைந்தாலும் மொத்தத் தூணும் வீண். சேலம் மாவட்டம் தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலில் இருப்பது பேர்போனது.

கருங்கல்லில் இதைச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. மாக்கல்லில் செய்வது வேறு. கருங்கல் உளியைத் திருப்பி அடிக்கும்.

கோவிலில் எதற்காக வைத்தார்கள்?

காவலுக்கு என்பது வழக்கமான பதில், அது சரியும்கூட. வாசலில், படியில், மண்டப முகப்பில் என்று உள்ளே நுழையும் இடங்களில்தான் அதிகம் பார்க்கிறோம். தூண் யாளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடுத்தூணிலிருந்து முன்னால் நீண்டு, மேலே இருக்கும் போதிகைக்கும் (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கல்) உத்திரத்துக்கும் அது தாங்கலாக நிற்கிறது. கல் உத்திரத்தை அதிக நீளத்துக்குத் தாங்கலில்லாமல் விட முடியாது, முறிந்துவிடும். அழகுக்கு என்று நாம் நினைக்கிற உருவம் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது.

திருவிழாவில் சாமி அதன்மேல் ஏறியும் வருகிறார். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு யாளி வாகனம் உண்டு, காஞ்சி வரதருக்கும் உண்டு.

யாளி நிஜமாகவே வாழ்ந்து அழிந்த விலங்கு என்கிறார்களே?

காணொளிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். டைனோசர் காலத்து விலங்கு, குமரிக்கண்டத்தோடு கடலில் மூழ்கிவிட்டது என்றெல்லாம். இதற்கு ஆதாரமாக ஓர் எலும்பு, ஒரு பல்கூடக் கிடைத்ததில்லை.

தமிழ்நாட்டில் புதைபடிவம் கிடைக்காமல் இல்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. அவை ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு முதல் ஆறரைக் கோடி ஆண்டு வரை பழையவை. அந்தக் காலத்தில் யானையும் கிடையாது, சிங்கமும் கிடையாது. யானை வம்சத்தின் மிகப் பழைய எலும்புகளே சுமார் ஆறு கோடி ஆண்டுப் பழமைதான், அந்த விலங்கும் மிகச் சிறியது, துதிக்கை இல்லாதது. டைனோசரோடு யாளி திரிந்தது என்றால் அதற்கு யானை எங்கிருந்து கிடைத்திருக்கும்?

"சங்கப் புலவர்கள் புலி, கரடியோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அவை நிஜம் என்றால் யாளியும் நிஜம்தானே" என்ற வாதம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. கபிலர் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அதே புலவர்கள் உண்மையான விலங்குகளைப் பற்றிச் சொல்லும்போது வரி, புள்ளி, மயிர், நடை எல்லாம் சொல்கிறார்கள். யாளிக்கு மட்டும் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்த ஒருவர்கூட அதன் முகத்தைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? கேள்விப்பட்ட பயமாக அது மலையில் இருந்திருக்கிறது. அதை நம்பியிருக்கலாம், பார்த்திருக்க முடியாது.

சிங்கம் யானையைக் கொல்லாதா? யாளி என்பது சிங்கம்தானோ?

தனிச் சிங்கம் வளர்ந்த ஆண் யானையைக் கொல்வது நடக்காத காரியம். ஆசிய ஆண் சிங்கம் ஏறக்குறைய 160 முதல் 190 கிலோ. வளர்ந்த ஆண் யானை 4,000 கிலோவைத் தாண்டும். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் சவூட்டி என்ற பகுதியில் சிங்கங்கள் யானையை வேட்டையாடியது பதிவாகியிருக்கிறது. அதுவும் பெரிய கூட்டமாக, இரவில், பெரும்பாலும் இளம் யானைகளை. இந்தியாவில் புலி யானைக்கன்றை அடிப்பது உண்டு. தனியாகப் பாய்ந்து மதயானையின் கொம்பைப் பிடுங்கும் விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை.

சிங்கமும் புலியும் கலந்து லைகர் பிறக்கிறதே. சிங்கமும் யானையும் கலந்து பிறக்க முடியாதா?

முடியாது. சிங்கமும் புலியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. இரண்டுக்கும் குரோமோசோம் 38. அப்படியும் லைகர் காட்டில் பிறப்பதில்லை, மனிதர் ஒரே கூண்டில் வளர்த்தால்தான் பிறக்கிறது. யானைக்குக் குரோமோசோம் 56. சிங்கத்தின் வம்சமும் யானையின் வம்சமும் பிரிந்து ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு ஆகிறது.

யானைக்குள்ளேயே கலப்பு எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1978இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சி சாலையில் ஆப்பிரிக்க ஆண் யானைக்கும் ஆசியப் பெண் யானைக்கும் ஒரு கன்று பிறந்தது. மோட்டி என்று பெயர் வைத்தார்கள். குறைமாதக் கன்று, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டும் இரண்டு வாரம்கூட அது உயிரோடு இருக்கவில்லை.

சரபம், மகரம், கண்டபேருண்டம் எல்லாம் யாளிதானா?

தனித்தனி. மகரம் நீரில் இருப்பது, முதலை முகம், மீன் உடல், பல இடங்களில் அதற்கும் துதிக்கை உண்டு, அதனால்தான் குழப்பம். கண்டபேருண்டம் இரண்டு தலைப் பறவை, இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருக்கிறது. சரபம் சிங்கமும் பறவையும் சேர்ந்த உருவம், நரசிம்மரின் உக்கிரத்தை அடக்கச் சிவன் எடுத்தது என்பது சைவப் புராணம். கும்பகோணம் அருகே திருபுவனத்தில் சரபேஸ்வரருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. சிங்க உடலில் மனித முகம் இருந்தால் அது புருஷாமிருகம்.

வேறு நாடுகளில் உண்டா?

உண்டு. கம்போடிய அரச சின்னத்தில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் துதிக்கையுள்ள கஜசிங்கம் நிற்கின்றன. தாய்லாந்தில் அதற்குக் கொச்சசி என்று பெயர், பழைய படைத்துறை அமைச்சின் முத்திரையாக இருந்தது. ஒடிசாவின் கொனார்க்கில் இருப்பதைக் கலப்பு விலங்கு என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே சிங்கம் தனி, அதன் கீழே நசுங்கும் யானை தனி.

வீணையின் முனையில் இருப்பதும் யாளியா?

ஆமாம். தஞ்சாவூர் வீணையில் குடத்துக்கு எதிர் முனையில் கீழே வளைந்து இறங்குவது யாளி முகம். வீணை செய்யப் பலாமரம்தான். ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை என்பார்கள், துண்டு துண்டாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. யாளி முகத்துக்கு வண்ணம் தீட்டி, பல்லும் நாக்கும் தெரிய வைத்திருப்பார்கள். இசைக்கு அது எதுவும் சேர்ப்பதில்லை. ஆனாலும் யாளி இல்லாத வீணையைத் தஞ்சாவூர்க்காரர் வீணை என்று ஒப்புக்கொள்வது கஷ்டம்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே இடம்தான் போக முடியும் என்றால் மதுரை. மீனாட்சியம்மன் கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் வரிசையாக நிற்கும் யாளிகளைக் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபமும் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குச் சாளுவன்குப்பமும் காஞ்சிபுரம் வரதராஜர் கோவில் நூற்றுக்கால் மண்டபமும் பக்கம். கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்க்கக் கிருஷ்ணாபுரம்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். தொடலாமா, பந்தை உருட்டிப் பார்க்கலாமா?

உருட்ட வேண்டாம். பல தலைமுறையாக எல்லோரும் விரலை விட்டு உருட்டியதில் பல் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன, சில இடங்களில் உடைந்தும்விட்டன. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பைப் போக்க அழுத்தத்தோடு மணலை அடித்துச் சுத்தம் செய்த கோவில்களில் பிடரிச் சுருளும் நகக் கோடும் கரைந்துபோனதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மீதி இருப்பதையாவது கையால் தேய்க்காமல் விடுவோம். நெற்றியில் எண்ணெயும் குங்குமமும் பூசுவதும் வேண்டாம், தூசி ஒட்டிக் கல் கறுத்துப்போகும்.

தொடாமலே செய்ய நிறைய இருக்கிறது. ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, காலடியில் யானையா மகரமா என்று பார்க்கச் சொல்லுங்கள். துதிக்கை எங்கே போய் முடிகிறது என்று பின்தொடரச் சொல்லுங்கள். அது என்ன தின்னும் என்று கேட்டால் யானைக் கொம்பின் குருத்து என்று சொல்லுங்கள், எப்படித் தெரியும் என்று கேட்டால் இளங்கௌசிகனாரின் அந்த மூன்று வரியைப் படித்துக் காட்டுங்கள்.